கழுவி வைத்த கற்கள்

கல்லுக்கு எண் போடுவதெல்லாம் ஒரு வேலையா அப்பா என்று நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். வேலைதான். பத்தாவது வரை படித்தவன், எழுத்து கோணாமல் வரும் என்று சொல்லி எனக்கு அதைக் கொடுத்தார்கள். அந்த வேலையில் நடந்ததை உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று பல முறை ஆரம்பித்திருக்கிறேன். பாதியில் எனக்கே குழம்பிவிடும். இந்தத் தடவை குழம்பினாலும் நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் இருக்கும் அந்தக் கல் கட்டடம் இப்போது பொது நூலகம். முதலில் எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கோர்ட்டு என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் வரி வசூலித்த ஆபீஸ் என்றார் இன்னொருவர். எதிரே இளநீர் விற்பவர் மட்டும் குதிரை லாயம் என்று அடித்துச் சொன்னார். வாசலில் ஒரு கல் வளைவு உண்டு. அதன் உச்சியில் ஒரு அரசங்கன்று முளைத்து, யாரும் கவனிக்காமல் மரமாகி, வேர் கற்களுக்கு நடுவில் புகுந்து வளைவைப் பிளந்துவிட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பிளவு வழியாக வானம் தெரியும். அதற்குக் கீழேதான் ஜனங்கள் செருப்பை விட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போவார்கள்.

பழைய கட்டடங்களைச் சரி செய்வதற்கென்றே படித்த ஒரு மேடம்தான் அந்த வேலையை நடத்தினார். என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். வேலையைச் செய்தது ஒரு கல் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும்.

மேடம் சொல்வது முதலில் எனக்குப் புரியவே இல்லை. சுவரில் யாரோ பூசியிருந்த சிமென்ட் கெட்டியாக, நன்றாக இருந்தது. அதைக் கொத்தி எடுங்கள் என்றார். சிமென்ட் கல்லை மூச்சு விட விடாது என்றார். எடுத்துவிட்டு சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊற வைத்த தண்ணீர், வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசச் சொன்னார். வெல்ல வாசனைக்கு எறும்பு வந்தது. சிமென்ட் மறுநாள் காய்ந்துவிடும். இந்தச் சுண்ணாம்பு எப்போது காயும் என்று கேட்டால், "அவசரப்படாது அண்ணா, அது மெதுவா இறுகும்" என்பார். மேஸ்திரி என் காதருகே வந்து, "நல்லா கீற பல்ல புடுங்கிட்டு வெத்தல போட சொல்ற கதையா கீது நைனா" என்றார். ஆனால் அவரும் சொன்னபடி செய்தார். நானும் செய்தேன்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்திருந்தது. மேலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வளைவை இடித்துவிட்டு கான்கிரீட்டில் ஊற்றி, மேலே கல் மாதிரி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். மேடம் அவரோடு ரொம்ப நேரம் வாதாடினார். பிரித்தெடுத்து அதே கற்களை அதே இடத்தில் வைத்துக் காட்டுகிறேன் என்றார். அதிகாரி கடைசியில், "சரிம்மா. நான் அடுத்த தடவை வரும்போது வளைவு நிக்கணும். நின்னா மீதி வேலையும் உங்க ஆளுங்களே பார்க்கட்டும். இல்லேன்னா கான்கிரீட் தான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கான்கிரீட் என்றால் வேறு ஆட்கள் வருவார்கள். மேஸ்திரி, சித்தாள் பெண்கள், நான், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பின்பக்க வராந்தா வேலை, மாடி வேலை எல்லாம் அந்த வளைவை நம்பித்தான் இருந்தது.

அதனால் எண் போடும் வேலையை நான் மிகவும் பயபக்தியோடு செய்தேன். சாரத்தில் ஏறி, ஒவ்வொரு கல்லாகத் துடைத்து, சாக்பீஸால் எழுதினேன். பெயின்ட் கல்லுக்குள் இறங்கிவிடும், அப்புறம் போகாது என்று மேடம் சொல்லியிருந்தார். இடப்பக்கத் தூணுக்கு ஒரு எழுத்து, வலப்பக்கத்துக்கு ஒரு எழுத்து, வளைவுக்கு ஒரு எழுத்து, ஒவ்வொன்றிலும் வரிசையாக எண். மேடம் அதே எண்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டார். போட்டோவும் எடுத்தார். பிறகு மரச் சட்டங்களால் வளைவுக்கு முட்டு கொடுத்து, செயின் புல்லி கட்டி, உச்சியிலிருந்து தூணின் அடி வரைக்கும் ஒவ்வொரு கல்லாக இறக்கினோம். வளைவுக் கற்கள் ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒடுங்கியும் ஆப்பு மாதிரி இருக்கும், தூண் கற்கள் சதுரக் கட்டையாக இருக்கும். பின்பக்க முற்றத்தில் மணல் பரப்பி, அவற்றை வரிசையாகப் படுக்க வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினோம். வேரை எல்லாம் வெட்டி எடுத்து, அஸ்திவாரத்தைக் கெட்டிப்படுத்தி முடிக்கும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு வேலையிடத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கடப்பாரை, கரண்டி, உளி, சுத்தியல், மிக்சர் மெஷின், தண்ணீர் டிரம் வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று காலை மேஸ்திரியும் நானும் மாட வீதிப் பக்கம் போய் பொரி, பொட்டுக்கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று, பூ எல்லாம் வாங்கினோம். கூட்டம் அதிகம். பூசணிக்காய்க்கு மேஸ்திரி பேரம் பேசியே பொழுது போய்விட்டது. ஆட்டோவில் வாழைக்கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

முற்றத்துக்குள் நுழைந்ததும் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தார்ப்பாயைக் காணோம். கற்கள் எல்லாம் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கறுப்பு என்று நான் நினைத்திருந்த கல் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும், கல்லுக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம். சித்தாள் பெண்களில் மூத்த அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நார் கையோடு நின்றார்.

"எப்டி கீது மேஸ்திரி? பொயுது வெடியறதுக்கு முன்னாடியே வந்து கயுவிட்டோம். மண்வெட்டிக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு, சோறு போடற கல்ல அயுக்கா வுட்டா நல்லா இருக்குமா?"

மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுங்கள பாரு நைனா, கல்யாணப் பொண்ணுங்க கணக்கா குந்திக்கினு கீதுங்க" என்றார்.

நான் வாழைக்கன்றைப் பிடித்தபடியே நின்றேன். ஒரு கல்லுக்கருகே போய்க் குனிந்து பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். சாக்பீஸ் எழுத்தின் தடம்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தார்கள். சோப்புத் தூள் வாசனையும் வந்தது.

"இன்னா தம்பி, மூஞ்சி ஏன் தொங்கி பூட்ச்சு?" என்று அக்கா கேட்டார்.

"நம்பர்" என்றேன்.

"எந்த நம்பர்?"

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்பர் தான போச்சு. கல்லு போச்சா?" என்றார். அக்காவைத் திட்டவும் முடியாது. பூஜைக்குச் செய்தது. திட்டுவதற்கு அவர் என்ன தப்பு செய்தார் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு நடந்திருக்கிறது, தப்பு செய்தவர் யாரும் இல்லை. அப்படி ஒன்று இருக்க முடியுமா?

மேடம் பட்டுப் புடவையில் வந்தார். மேஸ்திரி கற்பூரம் காட்டினார். மேடம் கண்ணை மூடிக் கும்பிட்டார், குங்குமம் வைத்துக்கொண்டார், பொரியை வாங்கி வாயில் போட்டார். அழகாக இருக்கிறது என்று சொல்லி, வரிசையாக வைத்திருந்த கற்களைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு மெல்ல நின்றது. பொரியை மெல்லுவதும் நின்றது.

"அண்ணா, நம்பர் எங்கே?"

மேஸ்திரி கற்பூரத் தட்டோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மட்டும், "உனக்கு போட்டோ கீதே மேடம்" என்றார், ஆறுதல் சொல்கிறவர் மாதிரி.

போட்டோ இருந்தது. மறுநாள் மேடம் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார். நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கற்களுக்கு நடுவே நடந்தோம். ஆனால் போட்டோவில் இருந்த கற்களின் முகத்தில் புகையும் புறா எச்சமும் பசைக் காகிதமும் வேரும் இருந்தன. அதை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். முற்றத்தில் இருந்தவை குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. போட்டோவில் இருந்தவர்கள் வேறு, இங்கே இருந்தவர்கள் வேறு. படுக்க வைத்த வரிசையாவது உதவும் என்று பார்த்தால், அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று எல்லாவற்றையும் புரட்டி, கைக்கு வந்த இடத்தில் வைத்திருந்தார்கள்.

நான் எண்ணிப் பார்த்தேன். மேஸ்திரி எண்ணிப் பார்த்தார். எனக்கு ஒரு கணக்கு வந்தது, அவருக்கு வேறு கணக்கு வந்தது. "நீ குங்குமத்த எண்ணு, நான் கல்ல எண்ணறேன்" என்றார். மறுபடி எண்ணினோம். இரண்டும் மாறி வந்தது. விட்டுவிட்டோம்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நம் பழைய வீடு ஞாபகம் வந்தது. அடையாறு ஆற்றங்கரையில் நாம் இருந்த வீடு. சின்னவன் அப்போது கைக்குழந்தை. காலி செய்யச் சொல்வதற்கு முன் ஆட்கள் வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் பெயின்ட்டால் எண் எழுதினார்கள். அந்த எண் அழியவே இல்லை. அழியாமல் இருந்தும், இங்கே இந்த அடுக்கு வீடுகளில் கொண்டுவந்து விட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் வரவில்லை. நமக்குச் சுவரை ஒட்டி இருந்தவர்கள் எங்கேயோ வேறு பிளாக்கில், நாலாவது மாடியில். எண் இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்று நான் ஏன் நம்பினேன் என்று யோசித்தேன். அப்படியென்றால் எண் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்றும் யோசித்தேன். இரண்டு யோசனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நான் யோசித்ததில் ஒன்றும் ஆகவில்லை. தற்செயலாக ஒன்று கிடைத்தது. ராத்திரி பெய்த மழையில் கற்கள் நனைந்திருந்தன. காலையில் போய்ப் பார்த்தால் சில கற்களில் லேசாக ஏதோ நீலமாகத் தெரிந்தது. ஒரு கல்லில் ஒரு வளைவுக் கோடு. இன்னொன்றில் ஒரு புள்ளி. கொஞ்சம் காய்ந்ததும் மறைந்துவிட்டது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மறுபடி தெரிந்தது. மேடம் வந்ததும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நோட்டீஸ் ஒட்டாதீர்" என்றார்.

வலப்பக்கத் தூணில் என்றோ ஒரு காலத்தில் யாரோ நீல பெயின்ட்டில் பெரிய எழுத்தில் அப்படி எழுதி வைத்திருந்தார்கள். அதன் மேலேயே எல்லோரும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேலை ஆரம்பித்தபோது அந்த எழுத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று மேடமே சொல்லியிருந்தார். இப்போது, "அண்ணா, அதுமேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

நாங்கள் கற்களை நனைத்து நனைத்து எழுத்தைச் சேர்த்தோம். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. "இந்தக் கொக்கிய அந்தக் கொக்கியாண்ட வைக்கட்டா?" என்று கேட்பார். நான் படித்துச் சொல்வேன். அப்படி வலப்பக்கத் தூண் எழுந்தது. அதில் சேராத கட்டைக் கற்கள் எல்லாம் இடப்பக்கம் என்று வைத்துக்கொண்டோம். அந்தத் தூணில் எது மேலே, எது கீழே என்பதை, வேர் கடித்த தழும்பைப் பார்த்து மேடம் ஊகித்தார். ஊகம்தான் என்று அவரே சொன்னார்.

வளைவுக் கற்களில் எழுத்தும் இல்லை, தழும்பும் பெரிதாக இல்லை. மர முட்டின் மேல் சுண்ணாம்பு இல்லாமல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். இடுக்கு பெரிதாகத் தெரிந்தால் எடுத்து வேறொன்று வைப்போம். ஒன்றை மாற்றினால் இரண்டு ஒத்துக்கொள்ளாது. இரண்டை மாற்றினால் முதலில் சரியாக இருந்தது முரண்டு பிடிக்கும். காலையில் ஒரு வரிசை பிரமாதமாகத் தெரியும். மத்தியானம் நிழல் மாறியதும் அதே வரிசை கோணலாகத் தெரியும். மேடமும் மேஸ்திரியும் கத்திக்கொள்வார்கள், டீ வந்ததும் சேர்ந்து குடிப்பார்கள். அதிகாரி வருகிறார் என்று போன் வந்த அன்று ஒரு வரிசை எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது. "போதும், இதுக்கு மேல பார்த்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்றார் மேடம். சுண்ணாம்பு வைத்துக் கட்டினோம். உச்சிக் கல்லை இறக்கி மேஸ்திரி சுத்தியலால் தட்ட, அது போய் உட்கார்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

பின்பக்கம் கை கழுவப் போனேன். முற்றத்து மணலில் ஒரு கல் கிடந்தது. வளைவுக் கல். ஆப்பு மாதிரி, அதே அளவு, அதே சாம்பல் நிறம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மேடமும் வந்தார். மூன்று பேரும் முன்பக்கம் ஓடி வளைவைப் பார்த்தோம். எங்கும் ஓட்டை இல்லை. மறுபடி பின்பக்கம் வந்தோம். கல் அங்கேயே இருந்தது.

மூத்த அக்கா அப்போதுதான் சொன்னார், சாவகாசமாக. "அதுவா? கக்கூசாண்ட புதர்ல ஒண்ணு கெடந்துச்சு. மத்ததெல்லாம் குளிச்சு பொட்டு வெச்சிக்கினு இருக்கசொல்ல அது மட்டும் தனியா கெடக்குதேன்னு பாவமா இருந்துச்சு. இட்டாந்து கயுவி இதுங்களோட வெச்சேன்."

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம் ஒரு ஜன்னல் வளைவு எப்போதோ விழுந்து, செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அதன் கல்லாக இருக்கலாம் என்றார். அது சரி. ஆனால் புதரில் கிடந்தது இந்தக் கல்தானா? அல்லது அது மேலே வளைவில் போய் உட்கார்ந்துகொண்டு, வளைவின் சொந்தக் கல் இங்கே கிடக்கிறதா?

"இதுவா பாரு அக்கா" என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இதுவும் இருக்கும். அதுங்கள்ல ஒண்ணும் இருக்கும். கயுவுனப்பறம் எனக்கு எப்டி தம்பி தெரியும்?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கொஞ்சம் முட்டுச்சு. உளியால லேசா தட்டி வெச்சேன். ஆனா பயய கல்லு வேர்ல நகந்திருந்தாலும் முட்டத்தான் செய்யும்" என்றார். பிரித்துப் பார்க்கவும் நேரம் இல்லை. பிரித்தாலும் என்ன தெரியப் போகிறது? மேடம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். அந்தக் கல்லை எங்கும் மறைக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றார்.

சுண்ணாம்பு இறுகட்டும் என்று அதிகாரியிடம் கெஞ்சித் தேதியைத் தள்ளி வாங்கினார் மேடம். அவர் வந்த அன்றுதான் மர முட்டை எடுத்தோம். முட்டுக்கு அடியில் செருகியிருந்த மர ஆப்புகளை மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டித் தளர்த்தினார். மரம் கல்லை விட்டு இறங்கியது. உள்ளே ஏதோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது, சோம்பல் முறிப்பது மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. வளைவு நின்றது. மேஸ்திரி போய் அதன் அடியில் நின்றுகொண்டார், விழுந்தால் தன் தலையில் விழட்டும் என்பது போல.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் பழைய கல்லு தானே?"

"ஆமா சார்" என்றேன். அது சத்தியம்.

"ஒவ்வொண்ணும் அதே எடத்துல தானே?"

மேடம் என்னைப் பார்த்தார். எண் போட்டவன் நான்தானே. ஆமாம் என்று சொல்லலாம், ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம். இல்லை என்று சொல்லலாம், அதுவும் உண்மையாக இருக்கலாம். தெரியாது என்று சொன்னால் மட்டும்தான் பொய் ஆகாது. அதைச் சொன்னால் கான்கிரீட் வந்துவிடும்.

அக்கா சட்டியை இடுப்பில் வைத்தபடி குறுக்கே வந்தார். "அதது எடத்துல தான் சார் கீது. இல்லன்னா வியாம நிக்குமா?"

அதிகாரி யோசித்தார். அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டினார். பின்பக்க வராந்தாவைப் பார்த்துவிட்டு, அதையும் இவர்களே செய்யட்டும் என்று மேடமிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். மேஸ்திரி, "அக்காவ கலெக்டர் ஆக்கிடலாம்" என்றார். "ஆனா நம்ம வூட்டு பொண்ணு ஒண்ணு வெளிய குந்திக்கினு கீது, அத்த யாரு உள்ள கூப்புடறது?" என்றும் சொன்னார். எனக்கும் வேலை மிஞ்சியது, சந்தோஷம்தான். சந்தோஷத்தோடு வேறு என்னவோ சேர்ந்து இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மேடம் சாப்பிடப் போகவில்லை. வளைவுக்கு எதிரே நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, நிஜமா சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

"சில சமயம் பார்த்தா எல்லாம் சரியா இருக்கு மேடம். சில சமயம் பார்த்தா அந்த மூணாவது கல்லு மட்டும் விருந்தாளி மாதிரி கொஞ்சம் ஒதுங்கி நிக்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அப்படித் தோணுதா? எனக்கும் மூணாவது மேல தான் சந்தேகம்."

அப்பாடா என்று இருந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றே தோன்றினால் அது உண்மையாகத்தான் இருக்கும். நான் கையை நீட்டி இடப்பக்கமிருந்து மூன்றாவது கல்லைக் காட்டினேன். அவரும் கையை நீட்டியிருந்தார். அவர் விரல் வலப்பக்கமிருந்து மூன்றாவது கல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.